கேடயக் கல்

சாரத்தில் ஏறி நின்றால்
எவாரிஸ்தோவின் வம்சம் என் மூக்குக்கு நேரே.
இரண்டு ஓநாய், ஒரு கோபுரம், ஐந்து சிப்பி,
எல்லாவற்றுக்கும் மேலே
உள்ளே தலை இல்லாத ஒரு தலைக்கவசம்.
அதில் குருவி கூடு கட்டியிருந்தது.

கான்டாப்ரியாவின் மழைப் பள்ளத்தாக்குகளில்
கொத்தனார்கள் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு:
வாசலில் கேடயக் கல் இருந்தால்
கூரையில் ஓட்டை இருக்கும்.
இங்கே கூடத்தில் நான்கு வாளி,
மாடிப்படியில் ஒரு பால் குவளை,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில்.

கீழே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.
"பார்த்து, பார்த்து. நானூறு வருஷத்துக் கல்.
டான் கார்சி வைத்தது.
குதிரையை விட்டு இறங்காமலே
ஒன்பது பேரை வெட்டிச் சாய்த்தவர்."
போன வருஷம் நான் புகைபோக்கி கட்ட வந்தபோது
ஆறு பேர்தான்.
செத்தும் ஓயாத மனிதர்,
குளிர்காலம் முழுக்க வெட்டியிருக்கிறார்.

அவருடைய பேரனுக்குப் பேரனுக்குப் பேரன்
காலணி நாடாவைத் தானே கட்டியதில்லை.
தங்கை உர்சினா குனிந்து கட்டுவாள்.
அவள் பெயர் கல்லிலும் இல்லை,
கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய வம்ச மரத்திலும் இல்லை
(அந்த மரத்தில் மீசை மட்டும்தான் காய்க்கும்).
ஆறு பசுவையும் கறப்பது அவள்.
என் முன்பணத்தைத் தந்ததும் அவள்தான்,
பால் காசு,
மாவுப் பைக்குள் கைவிட்டு எடுத்தது.

சுவர் வயிறு தள்ளியிருந்தது.
கல்லை இறக்காமல் வேலை ஆகாது.
கயிறு, கப்பி, நானும் லாரோவும்.
அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்,
குழிக்குள் பெட்டி இறங்குவதைப் பார்ப்பவர் போல.
வைக்கோல் மேல் குப்புறக் கிடத்தினோம்,
ஓநாய்களுக்கு மூக்கு உடையக் கூடாதே என்று.

முதுகில் ஒரு பள்ளம்.
நீளம் இரண்டு முழம், ஆழம் ஒரு சாண்,
விளிம்பெல்லாம் வழவழத்து
வெண்ணெயில் விரல் இழுத்ததுபோல் தேய்ந்து.
யாரும் பேசவில்லை.
இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத் தெரியாது?
உப்புத் தொட்டி.
எத்தனை மாடு, எத்தனை கழுதை,
எத்தனை நாக்கு நக்கி நக்கி வளைத்த வளைவு.
புதுக் கல் வாங்கக் காசில்லாமல்
டான் கார்சி
தொழுவத்துத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு
பின்பக்கம் ஓநாய் செதுக்கியிருக்கிறார்.

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
பார்த்துவிட்டோம்.

சிரிக்கத்தான் வாய் திறந்தேன், சத்தியமாக.
அப்போது அந்தப் பள்ளத்தில்
நாக்கு எட்டாத ஒரு மூலையில்
ஒரு குறி கண்ணில் பட்டது:
மூன்று கோடு, பறவைக் கால் போல.
என் உளியிலும் அதே குறி.
எங்கள் வீட்டு உளி எல்லாவற்றிலும்.
"எங்கள் ஆள்!" என்று கத்தினேன்.
"தொட்டியை வெட்டியது எங்கள் ஆள்!
அந்தக் காலத்திலேயே இந்த மலையில்
கல்லின் நரம்பு தெரிந்தவன் யாரென்றால்..."
குரல் எனக்கே புதிதாக இருந்தது.
நெஞ்சு சட்டையைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றது.
லாரோ என்னைப் பார்த்தான்.
காலையில் எவாரிஸ்தோவைப் பார்த்த
அதே பார்வை.

உர்சினா போய்த் தொழுவக் கதவைத் திறந்துவிட்டாள்.
கிழட்டுக் கழுதை வந்தது,
கல்லை ஒரு சுற்று மோந்தது,
நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது.
இத்தனை காலத்துக்குப் பிறகும்
கல்லுக்குள் உப்பு இருந்திருக்கிறது.
நாக்கு எட்டாத மூலை என்றேனே,
இதற்கு எட்டியது.

மாலையில் கல்லை மறுபடி ஏற்றினோம்.
பள்ளம் சுவருக்குள், ஓநாய்கள் தெருவுக்கு.
அவர் நாற்காலியில் உட்கார்ந்து
"இறங்காமலே..." என்று தொடங்கினார்,
அப்புறம் என்ன நினைத்தாரோ
கூரையைப் பற்றிக் கேட்டார்,
எவ்வளவு ஆகும் என்று.

நான் பதில் சொன்னேன்.
சாரம் பிரிக்குமுன்
யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து
ஈரச் சாந்தில் விரலால்
மூன்று கோடு கிழித்தேன்.

அன்று இரவே மழை.